பல வருஷம் கிடந்த அவுட்போர்டு மோட்டாரை மறுபடி ஓடவைப்பது

தார்ப்பாய் போர்த்தி ஐந்தாறு வருஷம் கொட்டகையில் கிடந்த, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார், கிடந்ததால் கெட்டதைவிட வெளியே எடுத்த முதல் அரைமணி நேரத்தில் கெடுவதுதான் அதிகம். பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிடலாம் என்ற அவசரமே காரணம். எண்ணெய் வற்றிய சிலிண்டரில் துரு ஒட்டிய பிஸ்டன் ரிங் உரசிக் கோடு போட்டுவிடும். தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் மரத்துப்போயிருக்கும், அதன் இதழ்கள் ஒடிந்து தண்ணீர்ப் பாதைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். தப்பித்தவறி மோட்டார் கிளம்பிவிட்டால் இன்னும் மோசம்: குளிரவைக்கும் தண்ணீர் ஏறாமல் ஒரு நிமிஷம் ஓடினாலே வேலை பட்டறைக்குப் போய்விடும். ஆகவே முதலில் சுழற்சி, அடுத்து தண்ணீர், பிறகு தீப்பொறி, கடைசியில்தான் எரிபொருள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இங்கே சொல்வது 8 முதல் 15 குதிரைத்திறன் வரை உள்ள, கயிறு இழுத்துக் கிளப்பும் இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு. யமஹா எண்டியூரோ, சுசுகி போன்றவை. பெட்ரோலிலும் வரும், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மாடலிலும் வரும். பாக் நீரிணையின் இரு கரையிலும் ஃபைபர் படகுகளில் இவற்றைப் பார்க்கலாம்; இலங்கையில் வெளியிணைப்பு இயந்திரம் என்று எழுதுவார்கள். கடலில் மூழ்கி, உடனே கழுவப்படாமல் அப்படியே கிடந்த மோட்டாருக்கு இந்த வழி பொருந்தாது. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் பேரிங்கில் உப்பு ஏறியிருக்கும். முழுதாகப் பிரித்தே ஆகவேண்டும்.

சுழல்கிறதா

மேல் மூடியைக் கழற்றியதும் எதையும் தொடாமல் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த டியூப் எதன் அடியில் நுழைகிறது என்பது இரண்டு நாள் கழித்து நினைவிருக்காது. எலி கடித்த ஒயர், குளவிக்கூடு, வெடித்த டியூப் எல்லாம் இப்போதே கண்ணில் படும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் முன் அதன் அடியைச் சுற்றிச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள். அங்கே தங்கியிருக்கும் மணலும் உப்புத்தூளும் சிலிண்டருக்குள் விழக் கூடாது. டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் 10 முதல் 15 மி.லி விடுங்கள். அவுட்போர்டில் கிராங்க் செங்குத்தாக நிற்பதால் சிலிண்டர் படுத்திருக்கும். மோட்டாரை நிமிர்த்தி வைத்தபடி விட்ட எண்ணெய் கீழ்ச் சுவரில் மட்டும் தேங்கும், மேல் பாதி காய்ந்தே இருக்கும். அதனால் மோட்டாரின் காலில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியில், தங்கியிருக்கும் தண்ணீரை முதலில் வடியவிட்டு, பிளக் துளைகள் மேலே பார்க்கும்படி மோட்டாரைப் படுக்கவைத்து எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுவது நல்லது. படுக்கவைக்கும்போதும் தூக்கும்போதும் என்ஜின் உள்ள தலைப்பகுதி காலைவிடத் தாழக் கூடாது. தாழ்ந்தால் காலில் மிச்சமிருக்கும் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும்.

மறுநாள் நியூட்ரலில் வைத்து, மேலிருந்து பார்க்கக் கடிகாரம் சுற்றும் திசையில், உச்சியில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் திருப்புங்கள். கயிறு வேண்டாம், கயிற்றின் வேகத்தில் எங்கே பிடிக்கிறது என்று கை உணராது. சுற்றவே இல்லையென்றால் தலை இறுகியிருக்கிறதா, கால் இறுகியிருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். காலின் அடியில் இருக்கும் கியர் பெட்டியைக் கழற்றிக் கீழே இறக்குங்கள், எப்படியும் இறக்கத்தான் போகிறோம். இறக்கியதும் ஃப்ளைவீல் சுற்றினால் பிடித்திருப்பது இம்பெல்லரோ கியரோதான். அப்போதும் சுற்றாவிட்டால் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கிறது. டீசலும் கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப் எண்ணெயும் சமமாகக் கலந்து விட்டு, தினமும் கொஞ்சம் சேர்த்து மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு மெல்ல அழுத்தம் கொடுங்கள். மயிரிழை அசைந்தாலும் போதும். அங்கிருந்து முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கலாம். ஃப்ளைவீலைச் சுத்தியலால் தட்டாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் பெயரும், கிராங்க் முனை நசுங்கும். ஒரு வாரம் ஊறியும் அசையாத மோட்டாருக்குச் சிலிண்டர் தலையைத் திறப்பதே வழி.

சுற்றத் தொடங்கியதும் காதை அருகில் வைத்து மெதுவாகத் திருப்புங்கள். கரகரவென்று மணல் அரைபடுவது போன்ற ஒலி கேட்டால் கிராங்க் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. எண்ணெய் விட்டு அதைச் சரிசெய்ய முடியாது, ஓடவிட்டால் பேரிங் உடைந்து சிலிண்டரையும் கெடுக்கும். சத்தமில்லாமல் சுற்றினால் பிளக் துளை வழியே சின்ன டார்ச் அடித்துச் சுவரைப் பாருங்கள். பவுடர் போன்ற செந்துரு எண்ணெயோடு போய்விடும். ரிங் ஓடும் இடத்தில் குழி விழுந்திருந்தால் லேத் பட்டறையில் சிலிண்டரைக் குடைந்து (போர் அடித்து) பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டும்.

அடுத்து அழுத்தமானி. இரண்டு பிளக்கும் வெளியே இருக்க, பிளக் ஒயர்களை என்ஜின் உடலோடு எர்த் செய்து, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து, ஐந்தாறு முறை கயிற்றை இழுங்கள். பெட்ரோல் மாடலில் 90 முதல் 120 பி.எஸ்.ஐ வரை வந்தால் மகிழ்ச்சி. மண்ணெண்ணெய் மாடல்களின் அழுத்தம் இயல்பிலேயே குறைவு. இந்த அளவைவிட முக்கியம் இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம். 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் குறைவான சிலிண்டரில் ரிங் ஒட்டியிருக்கலாம் அல்லது ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சிலிண்டரில் விட்ட எண்ணெய் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், பத்துப் பதினைந்து முறை இழுத்து எண்ணெயை வெளியேற்றிய பிறகு அளப்பதே சரியான அளவு.

தண்ணீர்ப் பாதை

இம்பெல்லர் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். நிறுத்திய நாளிலிருந்து அதன் ரப்பர் இதழ்கள் ஒரே பக்கம் வளைந்து, அந்த நிலையிலேயே மரத்துப்போயிருக்கும். மோட்டாரில் மிக மலிவான உதிரிபாகங்களில் அது ஒன்று. அது தவறினால் போவது பிஸ்டன்.

கியர் பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள்தான் இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், நடுவே உப்புத் தண்ணீர்: வெள்ளைப் பொடி கட்டி இறுகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள் முன்பே அடித்து வையுங்கள். அப்படியும் வராவிட்டால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை கேஸ் டார்ச்சால் சூடாக்குங்கள்; பக்கத்தில் எரிபொருள் எதுவும் இருக்கக் கூடாது. இறுக்கும் பக்கம் ஒரு நூல், கழற்றும் பக்கம் ஒரு நூல் என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் திருகினால் தலை ஒடியும். கியர் மாற்றும் தண்டின் இணைப்பைப் பிரிக்கும் முன் அது எந்த இடத்தில் பிடித்திருந்தது என்று பெயிண்டால் அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் பூட்டிய பிறகு ரிவர்ஸ் விழாமல் மறுபடி கழற்ற நேரும்.

பம்ப் மூடியைத் திறந்து இம்பெல்லரை எடுத்ததும் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தேடி எடுக்காமல் மூட வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்டீல் கிண்ணத்திலும் அடித்தட்டிலும் நகத்தால் வருடிப் பாருங்கள்; நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் அவையும் புதிது வேண்டும். புது இம்பெல்லரை அதன் சாவியோடு (தண்டின் பள்ளத்தில் உட்காரும் சிறு உலோகத் துண்டு) என்ஜினிலிருந்து இறங்கும் தண்டில் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, தண்டைக் கடிகாரத் திசையில் சுற்றிக்கொண்டே கிண்ணத்தை அழுத்தி இறக்குங்கள். அப்போதுதான் இதழ்கள் ஓடும் திசைக்கு ஏற்ப வளையும்.

திரும்பப் பூட்டும்போது பெரும்பாலோர் தவறுவது தண்ணீர்க் குழாயில். மேலிருந்து வரும் மெல்லிய குழாய் பம்பின் ரப்பர் வளையத்துக்குள் சரியாக இறங்க வேண்டும். பக்கத்தில் இறங்கினால் எல்லாம் புதிதாக இருந்தும் தண்ணீர் மேலே வராது. தண்டின் பற்களில் மெல்லிய கிரீஸ் தடவலாம், உச்சிமுனையில் மட்டும் தடவக் கூடாது. அங்கே கிரீஸ் அடைந்தால் தண்டு முழுதாக உட்காராது. சில மில்லிமீட்டர் இடைவெளி நின்றால் போல்ட்டால் இழுத்து மூடப் பார்க்காமல், முன் கியரில் போட்டு விசிறியை (புரொப்பெல்லர்) லேசாகத் திருப்புங்கள். பற்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தித் தானாக ஏறும். போல்ட்டுகளுக்கு மரைன் கிரீஸ் தடவிப் பூட்டினால் அடுத்த முறை இந்தப் போராட்டம் இல்லை.

மேலே தெர்மோஸ்டாட்டின் (சூடேறியதும் தண்ணீர்ப் பாதையைத் திறக்கும் வால்வு) மூடியைத் திறந்தால் சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் அறை தெரியும். உப்பு பாறையாகக் கட்டியிருந்தால் வெதுவெதுப்பான வினிகர் ஊற்றி ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டி, நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தையே தின்றுவிடும். தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள். பல சிறிய மோட்டார்களில் 50 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கத் தொடங்கும். திறக்காததை மாற்ற வேண்டும். அதை எடுத்து வீசிவிட்டு ஓட்டும் வழக்கத்தை நாங்கள் ஏற்பதில்லை. என்ஜின் குளிர்ந்தே ஓடி பிளக் கரி பிடிக்கும், மண்ணெண்ணெயில் இது இன்னும் அதிகம். தண்ணீர் பீய்ச்சும் துளையில் குளவி மண் வைத்திருப்பது சாதாரணம். தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குத்தினால் போதும்.

கியர் ஆயில்

கீழ் ஸ்க்ரூவையும் மேல் ஸ்க்ரூவையும் கழற்றிப் பழைய ஆயிலை வடியுங்கள். கறுப்பாக வந்தால் பரவாயில்லை. பால் கலந்த டீ போல வந்தால் தண்ணீர் நுழைந்திருக்கிறது. முதலில் தண்ணீராகவே வடிந்தால் உள்ளே பேரிங் துருப்பிடித்திருக்கலாம், திறந்து பார்ப்பது நலம். தண்ணீர் நுழையப் பெரும்பாலும் காரணம் விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட நைலான் வலைநூல். அது சூடாகி உருகி ஆயில் சீலை அறுக்கும். விசிறியைக் கழற்றித் தண்டைச் சுத்தம் செய்து, சீல் உதட்டைப் பாருங்கள். புது எஸ்.ஏ.இ 90 மரைன் கியர் ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் குமிழி நின்று ஆயில் வழியும் வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கி பாதிதான் நிரம்பும். மேல் ஸ்க்ரூவை முதலில் மூடி, பிறகு கீழ் ஸ்க்ரூ. இரண்டுக்கும் புது வாஷர். 15 குதிரைத்திறனுக்குக் கால் லிட்டர் போதும், 8-க்கு அதைவிடக் குறைவு.

தீப்பொறி

புது பிளக் போட்டே சோதியுங்கள். பழையதன் எண்ணைப் பார்த்து, கையேட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள். என்.ஜி.கே பிளக்கில் எண் குறையக் குறைய முனை சூடாக ஓடும். பி7-ஐவிட பி6 சூடு. கடைசியில் -10 என்றிருந்தால் இடைவெளி 1.0 மி.மீ. அது இல்லாதவை பொதுவாக 0.6 முதல் 0.7 மி.மீ.

பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உலோகத்தை என்ஜின் உடலில் அழுத்திவைத்துக் கயிற்றை இழுங்கள். வெயிலில் பொறி தெரியாது, நிழலில் பாருங்கள். சிலிண்டரில் பெட்ரோல் இருக்கும்போது திறந்த பிளக் துளை அருகே இதைச் செய்யக் கூடாது. தீப்பொறியை எரிபொருளுக்கு முன் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீலமாகப் படபடவென்று வந்தால் நல்லது. இரண்டிலும் பொறியே இல்லையென்றால் பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைக் குறை சொல்லும் முன் நிறுத்தும் சுவிட்சைப் பாருங்கள். அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்க வேண்டும். சுவிட்சுக்குப் போகும் ஒயரைப் பிரித்ததும் பொறி வந்தால் சுவிட்சுக்குள் உப்பு ஏறியிருக்கிறது. யமஹாவில் அது வெள்ளை ஒயர், கறுப்பு எர்த். எர்த் ஒயர் பிடிக்கும் இடங்களை உப்புத்தாளால் பளபளப்பாக்குங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையென்றால் பிளக் மூடியைக் கழற்றி, ஒயர் நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டி மறுபடி மாட்டிப் பாருங்கள், நுனிச் செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பாயிண்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள பழைய மோட்டாரானால் ஃப்ளைவீலைப் புல்லர் போட்டுக் கழற்றி, பாயிண்ட் முகத்தை 400 எண் தாளால் ஒரு முறை தேய்த்து, பிறகு வெறும் காகிதத்தை நுழைத்து இழுத்துத் துடைக்க வேண்டும். தூள் ஒட்டினாலும் பொறி வராது.

எரிபொருள்

டேங்கில் இருக்கும் பழையதை ஒரு சொட்டு விடாமல் வெளியேற்றுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் அடியில் தண்ணீர் தனியாக நிற்பது தெரியும். இந்தியாவில் இப்போது கிடைக்கும் ஈ20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மிஞ்சியதும் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். மோட்டார் முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். பழைய ரப்பரையும் அது ஊதவைத்து மென்மையாக்கும். ஆகவே டியூப், கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்ப், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு), கனெக்டரின் ஓ-ரிங் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுவது நல்லது. பல்பில் உள்ள அம்பு என்ஜினை நோக்கி இருக்க வேண்டும்.

கார்புரேட்டரைக் கழற்றும் முன் ஐடில் (ஆக்ஸிலேட்டர் கூட்டாத மெது ஓட்டம்) ஸ்க்ரூவை மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். பெரும்பாலும் ஒன்றரைச் சுற்று வாக்கில் இருக்கும். கிண்ணத்தைத் திறந்தால் பச்சையான அரக்கு போன்ற படிவு தெரியும். எரிபொருள் வரும் துளைகளில் பெரியதான மெயின் ஜெட்டை எல்லோரும் சுத்தம் செய்வார்கள். மோட்டார் கிளம்பி உடனே அணைவதற்குக் காரணம், ஐடிலுக்கு எரிபொருள் விடும் பைலட் ஜெட். முடி நுழையும் அளவு துளை அதற்கு, கடைசியில் அடைபட்டே நிற்கும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மின்சார ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்துங்கள். ஊசியோ ஸ்டீல் கம்பியோ வேண்டாம். துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் வீண். ஒவ்வொரு துளையிலும் ஸ்பிரே அடித்து, மறுமுனையில் வெளிவருவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த துளை. மிதவையைக் குலுக்குங்கள், உள்ளே திரவம் ஆடினால் ஓட்டை. ஊசி வால்வின் நுனியில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் மாற்றுங்கள். கவிழ்த்துப் பிடித்தால் மிதவை உடலின் விளிம்புக்கு இணையாக நிற்பது பல மாடல்களில் சரியான மட்டம்.

முதல் டேங்குக்கு ஒரு லிட்டருக்கு 40 மி.லி ஆயில், அதாவது 25-க்கு 1. காய்ந்து கிடந்த பேரிங்குக்கு அது தேவை. இரண்டாம் டேங்கிலிருந்து கையேட்டு அளவு. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் டி.சி-டபிள்யூ3 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். பைக்குக்கு விற்கும் 2டி ஆயில் காற்றில் குளிரும் சூடான என்ஜினுக்கானது. தண்ணீரில் குளிரும் மோட்டாரில் பிளக்கிலும் ரிங்கிலும் சாம்பல் படியவைக்கும். மண்ணெண்ணெய் மாடலில் முதல் நாள் முழுக்கப் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.

கிளப்புதல்

200 லிட்டர் டிரம்மில், திறந்த வெளியில். விசிறியைக் கழற்றிவிடுங்கள். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நிற்க வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து, பல்ப் கல் போல ஆகும் வரை அமுக்குங்கள். இறுகவே இல்லையென்றால் எங்கோ காற்று நுழைகிறது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் ஊசி வால்வு மூடவில்லை.

சோக் இழுத்து, ஆக்ஸிலேட்டரை ஸ்டார்ட் குறியில் வைத்து இழுங்கள். கிளம்பியதும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் பீய்ச்சும் துளை. 15 நொடிக்குள் வராவிட்டால் அணைத்துவிடுங்கள். இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஓடவிட வேண்டாம். விட்ட எண்ணெய் எரிந்து முதல் சில நிமிஷம் வெண்புகை மண்டும், பயப்பட வேண்டாம். பத்து நிமிஷம் ஐடிலில் ஓடட்டும். சிலிண்டர் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வழிந்து ஓடினால் சரி, சீறினால் உடனே நிறுத்துங்கள். டிரம் தண்ணீர் சூடாகி நுரைத்தால் மாற்றிவிடுங்கள், நுரையைப் பம்ப் தள்ளாது.

ஆக்ஸிலேட்டர் கூட்டினால் திணறி அணைகிறதென்றால் பல்பை அமுக்கிக்கொண்டே கூட்டிப் பாருங்கள். அமுக்கும்போது மட்டும் ஓடினால் பம்ப் டயஃப்ரம் வேலை செய்யவில்லை. பல்ப் சப்பையாக ஒட்டிக்கொண்டால் டேங்க் பக்கத்தில் அடைப்பு. எதைச் செய்தும் ஐடில் தானாக ஏறி இறங்கி, பிளக் வெள்ளையாக வெளிறிக் கிடந்தால், காய்ந்த கிராங்க் சீல் வழியே காற்று நுழைகிறது என்று சந்தேகியுங்கள். காற்று கூடினால் ஆயிலும் சேர்ந்து குறையும், அப்படியே முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் தலை உருகும். இந்த ஒன்றைத் தள்ளிப்போட்டுக் கடலுக்குப் போகாதீர்கள்.

முதல் கடல் ஓட்டத்துக்குக் கரையை ஒட்டி, இரண்டு பேர், துடுப்பும் நங்கூரமும் ஏற்றி, ஒரு மணி நேரம் பாதி வேகத்துக்கு மேல் போகாமல். மண்ணெண்ணெய் மாடலில், பெட்ரோலில் ஓட்டும் முதல் நாள் கழிந்தபின், என்ஜின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். அணைப்பதற்குச் சில நிமிஷம் முன்பே பெட்ரோலுக்குத் திரும்பிவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றால் மறுநாள் விடிகாலை எத்தனை இழுத்தாலும் கிளம்பாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிஷம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். ஐந்து மணி நேரம் ஓடியபின் கியர் ஆயிலின் கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சில சொட்டு விரலில் எடுத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் இறுக்கி மூடலாம். மறுபடி பால் நிறம் தட்டினால் அடுத்த ஓட்டத்துக்கு முன் ஆயில் சீல்களை மாற்றுங்கள்.